காந்தத்தின் வாசலில்

அகிலா,

நேற்று போனில் நீ மூன்று தடவை "ஏன்ப்பா?" என்று கேட்டாய். மூன்று தடவையும் நான் "எழுதறேன்மா" என்று மட்டும்தான் சொன்னேன். உனக்கு எரிச்சல் வந்திருக்கும். புது நாடு, புது வேலை. பக்கத்து அறைத் தோழி மூளை ஆராய்ச்சி செய்கிறாள். நல்ல உடம்போடு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் ஒரு மணி நேரம் படுத்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டாள், நீயும் அடுத்த வியாழக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டாய். "என் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு நானே பார்க்கப் போறேன்ப்பா" என்று சிரித்தாய். அதற்கு நான், "பேரை எடுத்துடு! நான் சொல்ற வரைக்கும் அந்த மெஷின் இருக்கிற ரூமுக்குள்ள கால வைக்காதே!" என்று கத்தினேன். நான் கத்தி நீ கேட்டதே இல்லை. அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். நீ, "சரிப்பா, போகல. ஆனா காரணம் வேணும்" என்றாய். இந்தக் கடிதம் அந்தக் காரணம். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன். தபால் வியாழனுக்குள் வந்து சேராது. அதனால் எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அவசரப்படாமல் உட்கார்ந்து படி.

நீ கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும். என் இடது காது மந்தமாகிவிட்டது என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு தலைசுற்றல் வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் மேல், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவன் அப்படியே சரிந்து முன்னால் இருந்தவர் மடியில் விழுந்தேன். தென்னூரில் காது டாக்டர் பார்த்துவிட்டு, காது நரம்பின் பக்கம் ஏதாவது கட்டி இருக்கிறதா என்று தெரிய எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொன்னார். நீ பெட்டி கட்டுவதைப் போட்டுவிட்டு என்னோடு வருவேன் என்றாய். எனக்கு முகம் வெளிறிப் போனதைப் பார்த்து, கட்டிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்தாய். என்னைத் தேற்றுவதற்காக அன்றைக்குச் சாயங்காலம் செய்தித்தாள் ஓரத்தில் அந்த இயந்திரத்தை வரைந்து காட்டினாய். குளிரில் வைத்த கம்பிச் சுருள், அதற்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் மின்சாரம், நடுவில் படுத்திருக்கும் குச்சி மனிதன் நான். "இந்தக் காந்தத்துக்கு ஸ்விட்ச் போட்டு அணைக்கிற வேலையே கிடையாதுப்பா. ஒரு தடவை கரண்ட் ஏத்திட்டா அது பாட்டுக்குச் சுத்தும். ராத்திரி பகல் எப்பவும் காந்தம்தான்" என்றாய். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "இரும்பு இருந்தா எங்க இழுக்கும்?" என்றேன். நீ உற்சாகமாகிவிட்டாய். "நல்ல கேள்விப்பா! நடுவுல காந்தப் புலம் சீரா இருக்கும். சீரா இருக்கிற இடத்துல இரும்பை இழுக்காது, திருப்பி விடத்தான் பார்க்கும். புலம் எங்க மாறுதோ அங்கதான் இழுப்பு. அதாவது வாசல்ல" என்று குச்சி மனிதனின் தலைக்கு மேலே பென்சிலால் தட்டினாய்.

அந்தப் பென்சில் தட்டியது என் வலது கண்ணில் விழுந்த மாதிரி இருந்தது. நீ சொன்னதை நான் நம்பாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் கஷ்டம். முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் நான் பார்த்தது காந்தச் சோதனை. பற்றவைத்த குழாய் மேல் இரண்டு கால் வைத்த மின்காந்தத்தை நிறுத்தி, இரும்புத் தூளைத் தூவி, விரிசல் எங்கே என்று கண்டுபிடிக்கிற வேலை. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலிலும் தூள் ஓடிப்போய்க் கோடாக நின்றுகொள்ளும். ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. நிற்கும் என்று தெரியும். நீ எம்.எஸ்ஸி. படித்த வருஷம் சாப்பாட்டு மேஜையில் நான்கு வரிச் சமன்பாடுகளை எழுதிக் காட்டி, "மின்சாரம், காந்தம், வெளிச்சம் எல்லாம் இதுக்குள்ள அடக்கம்ப்பா. இந்த ரெண்டாவது வரி உங்க வரி" என்றாய். காந்தக் கோட்டுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, உள்ளே போனது வெளியே வந்தே ஆக வேண்டும் என்பதுதான் அந்த வரி. விரிசலை அடைந்த கோடு அங்கே நின்றுவிட முடியாது, அதனால் வெளியே வளைந்து தாண்டுகிறது, தாண்டும் இடத்தில் தூளைப் பிடிக்கிறது. முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தை விரலளவு இடத்தில் எழுதிவிட்டாயே என்று நான் அன்றைக்குச் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வரியைப் பற்றி நீ சொன்னதும் மறக்கவில்லை. அதில் ஒரு துண்டை யாரும் சோதனையில் பார்த்து எழுதவில்லை. அது இல்லாவிட்டால் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன என்பதற்காகவே, கணக்கில் கை தேர்ந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சேர்த்தார். சேர்த்தவுடன் காகிதத்திலிருந்து ஓர் அலை எழுந்து வந்தது. அதன் வேகத்தைப் போட்டுப் பார்த்தால் வெளிச்சத்தின் வேகம். அந்த அலையை மனிதர்கள் தங்கள் கையால் உண்டாக்கிப் பார்த்தது அதற்கும் பல வருஷம் கழித்துத்தான். உனக்குச் சொல்லும்போதே புல்லரித்தது, கையை நீட்டிக் காட்டினாய். இப்போது நீ செய்கிற ஆராய்ச்சியும் அதிலிருந்து முளைத்ததுதான், இந்தச் சமன்பாடுகளின் தம்பி தங்கைகளை வைத்துக்கொண்டு கணிதக்காரர்கள் நான்கு பரிமாண வெளிகளையே இது வேறு, அது வேறு என்று பிரித்து அறிகிறார்கள் என்றாய். நான் பாதிதான் புரிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கே ஒன்று உறைத்தது. காகிதத்தில் எழுதினது இவ்வளவு பிசகாமல் வெளியே நடக்கிறது என்றால், அதனிடம் போய் யாரும் கெஞ்ச முடியாது. நான் நல்லவன், எனக்குப் பெண் இருக்கிறாள், இந்த ஒரு தடவை விட்டுவிடு என்று சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் தில்லை நகரில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நான் மூக்குக்கண்ணாடியை எடுத்து வரவில்லை என்று சொன்னேன். சட்டைப் பையில்தான் இருந்தது. நீ படித்துக் காட்டிக்கொண்டே நிரப்பினாய். பேஸ்மேக்கர் இருக்கா, இல்லை. உடம்புல பிளேட், ஸ்க்ரூ, இல்லை. அடுத்த கேள்வியை நீ படித்தாய். "வெல்டிங், கிரைண்டிங் மாதிரி உலோக வேலை பார்த்ததுண்டா? கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா?" படித்துவிட்டு நீயே, "நீங்க வெல்டிங் பக்கத்துலயே இருந்தவருதான். ஆனா ஃபேக்டரியில கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே இருப்பீங்க?" என்றாய். "ஆமாம்மா, ஃபேக்டரியில கண்ணாடி இல்லாம உள்ளயே விட மாட்டாங்க" என்றேன். நீ "இல்லை" என்று கட்டத்தில் குறி போட்டாய். நான் கையெழுத்துப் போட்டேன். நான் சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனாலும் அதைவிடப் பெரிய பொய்யை நான் உன்னிடம் சொன்னதில்லை. உனக்கு ஒன்று சொல்கிறேன்: யாராவது கேள்வியோடு சேர்த்து உனக்கு வசதியான பதிலையும் கொடுத்தால், அதை வாங்கிக்கொள்ளாதே. நான் வாங்கிக்கொண்டேன்.

துகள் பட்டது தொழிற்சாலையில் இல்லை, வீட்டில். நாம் திருவெறும்பூரில் குடியிருந்தபோது, நீ எட்டாம் வகுப்பு படித்த வருஷம். ஸ்கூல் அறிவியல் கண்காட்சிக்கு மின்காந்தத் தூக்கி செய்யப் போகிறேன் என்று தாமிரக் கம்பியை நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தாய். ஆனால் நடுவில் வைத்த இரும்புத் தண்டின் முனை சொரசொரவென்று இருந்ததால் தூக்கவேண்டிய தகடு சரியாக ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டில் கை கிரைண்டர் வாங்கிவந்து, கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் தண்டை வைத்து முனையைச் சமமாகத் தேய்த்தேன். தண்டு ஆடாமல் மறு நுனியைப் பிடித்துக்கொள்ள நீ நின்றாய். நான்தான் நிற்கச் சொன்னேன். "அப்பா, கண்ணாடி போடலையா?" என்று நீ கேட்டாய். புதிதாக வேலைக்கு வந்த எத்தனை பேரை, கண்ணாடி இல்லாமல் கிரைண்டர் பக்கம் போனதற்காகத் திட்டியிருக்கிறேன் தெரியுமா? ஆனால் அன்றைக்கு, "ரெண்டு நிமிஷ வேலைம்மா" என்றேன்.

பொறி பறந்தபோது வலது கண்ணில் சுருக்கென்றது. கழுவினேன். அம்மாவிடம் தூசி என்றேன். கண்காட்சியில் உன் காந்தம் ஒரு கிலோ எடைக்கல்லைத் தூக்கியதைப் பார்த்துக் கைதட்டியபோதும் கண் சிவந்துதான் இருந்தது. அப்புறம் யாருக்கும் சொல்லாமல் ஒரு கண் டாக்டரிடம் போனேன். மேலாக ஒட்டியிருந்த ஒரு துகளை எடுத்தார். "இன்னொண்ணு உள்ள போயிருக்கும்னு சந்தேகமா இருக்கு. எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்றார். நான் எடுக்கவில்லை. காந்தச் சோதனை செய்கிறவர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. கண்ணில் இரும்பு என்று எழுத்தில் வந்தால் அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஒரு வாரத்தில் வலி போய்விட்டது. வலி போனதும், துகளும் போய்விட்டது என்று எனக்கு நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஸ்கேன் அறையில் ஒரு பெண் இருந்தாள். உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். மோதிரம், பெல்ட், சாவி, இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாண் வரைக்கும் கழற்றி வாங்கினாள். "சார், இரும்பு எதுவும் இல்லைல்ல?" என்று இன்னொரு தடவை கேட்டாள். தலையாட்டினேன். பலகையில் படுக்க வைத்து, தலைக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றைப் பூட்டி, கையில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, பயமாக இருந்தால் அழுத்தச் சொன்னாள். பலகை மெல்ல உள்ளே நகர்ந்தது. தலை அந்தக் குழாயின் விளிம்புக்கு வந்தபோது, நீ பென்சிலால் தட்டிய இடம் இதுதான் என்று தோன்றியது. வலது கண்ணின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. நிஜமாகவே அசைந்ததா, பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரும்புத் தூள் காந்தத்தைப் பார்த்தால் எப்படி ஓடும் என்று ஆயிரம் தடவை பார்த்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? பந்தை அழுத்தினேன். கத்தவும் செய்தேன்.

அவள் ஓடிவந்தாள். "என்ன சார்? மூச்சு முட்டுதா?" என்றாள். "கண்ணுல இரும்பு இருக்கும்மா" என்றேன். அவள் பலகையை அப்படியே நிறுத்திவிட்டாள். நான் பாதி உள்ளே கிடந்தேன். என் பயத்தை உனக்குச் சொல்லாமல் விடக்கூடாது: உள்ளே போவது மட்டும் ஆபத்து இல்லை, வெளியே வருவதும் அதே வாசல் வழியாகத்தான் என்று நீ சொன்ன கணக்கு எனக்கு அப்போது முழுசாகப் புரிந்தது. "உடனே வெளிய எடும்மா" என்று சொல்லவும் பயம், "எடுக்காதே" என்று சொல்லவும் பயம். பிறகு அவள் குரல் பக்கத்தில் கேட்டது. "கண்ண மூடிக்குங்க சார். தலைய ஒரு இம்மி கூடத் திருப்பாதீங்க. மெதுவா எடுக்கறேன்" என்றாள். ஒரு முழம் தூரம்தான். அந்த ஒரு முழத்தில் நான் உன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வெளியே என்னை உட்கார வைத்துவிட்டு அவள் அழுதுவிட்டாள். "ஏன் சார் மறைச்சீங்க? உங்க கண்ணு போயிருந்தா நான் என்ன சார் பண்ணுவேன்? ஃபார்ம்ல இல்லைனுதானே போட்டிருக்கீங்க" என்றாள். கூட வந்தவங்ககிட்டச் சொல்லணும் என்று உன்னை அழைக்கக் கிளம்பினாள். நான் கை கூப்பினேன். "என் பொண்ணு ஒன்பது நாள்ல வெளிநாடு போறாம்மா. தெரிஞ்சா போக மாட்டா. நானே சொல்லிக்கறேன்" என்றேன். அவள் உள்ளே போய் டாக்டரிடம் சொல்லிவிட்டு, "எக்ஸ்ரே எடுக்காம எந்த எம்.ஆர்.ஐ. ரூமுக்குள்ளயும் போகாதீங்க சார்" என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். உன்னிடம் வந்து, மெஷினில் கோளாறாம், வேறு நாள் வரச் சொன்னார்கள் என்றேன். நீ என் கையைத் தொட்டு, "ஏன்ப்பா கை இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றாய். ஏ.சி.ம்மா என்றேன். அடுத்த ஒன்பது நாளும் "இன்னும் ரிப்பேர் பார்க்கறாங்களாம்" என்றே சொல்லி உன்னை விமானம் ஏற்றிவிட்டேன்.

நீ போன மறுநாள் எக்ஸ்ரே எடுத்தேன். வலது கண் பக்கம் வெள்ளையாக ஒரு புள்ளி. கண் டாக்டர், கண் உருண்டைக்குள் இல்லை, அதை ஒட்டினாற்போல் வெளியே சதையில் இருக்கிறது, எடுக்கப் போனால்தான் வம்பு, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். ஆனால் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று எழுதிவிட்டார். காதுக்கு வேறு ஸ்கேன் எடுத்தார்கள். பெரிதாகக் கட்டி எதுவும் தெரியவில்லை. சின்னதாக இருந்தால் இந்தப் படத்தில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும், அதில் உங்களைப் படுக்க வைக்க முடியாது என்று காது டாக்டர் கையை விரித்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாமாம். அதுவரை என் தலைக்குள் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே இருக்க வேண்டும். போன வாரம் நீ கேட்டபோது "எல்லாம் நார்மல்மா" என்றேனே, அதுவும் பொய்தான்.

இனிமேல்தான் உன் கேள்விக்குப் பதில். எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்த அன்றைக்கே எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அதை ஞாபகம் வராத மாதிரி வைத்திருந்தேன் என்று சொல்வதுதான் சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீயும் கண்ணைக் கசக்கினாய். இடது கண். "உறுத்துதுப்பா" என்றாய். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, "ஒண்ணுமில்ல, தூசி" என்றேன். அடுத்த நாள் நீ அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுக்க நான் போகாததற்கு உத்தியோக பயத்தைச் சொன்னேன், அது உண்மைதான். ஆனால் நான் எடுத்திருந்தால் உன்னையும் அழைத்துப்போக வேண்டியிருக்கும். கிரைண்டர் பக்கத்தில் பிள்ளையை வெறும் கண்ணோடு நிறுத்தினேன் என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. என் கண் போனால் போகட்டும் என்று இருந்தவன், உன் கண்ணையும் சேர்த்தே அப்படி விட்டுவிட்டேன்.

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நிஜமாகவே தூசியாக இருக்கலாம். பத்து நாளாக அதையே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், நீ வியாழக்கிழமை என்று சொன்ன நொடியில் அது நின்றுவிட்டது. ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நாளைக்கே ஒரு டாக்டரைப் பார்த்து, சின்ன வயதில் கிரைண்டர் பொறி கண்ணில் பட்டிருக்கலாம் என்று சொல்லி எக்ஸ்ரே எடுத்துக்கொள். அப்பா சொன்னார் என்றால் வயசானவர் பயம் என்று தள்ளிவிடுவார்கள், பட்டிருக்கலாம் என்று நீயே சொல். அங்கேயும் படிவம் கொடுப்பார்கள். அந்தக் கட்டத்தில் உள்ளதை எழுது. வேலை கெட்டுவிடுமோ, தோழிக்குச் சங்கடமோ என்று யோசிக்காதே. உன் சமன்பாடுகளுக்கு உன்னைத் தெரியாது, அகிலா. என்னையும் தெரியாது. அவற்றுக்கு வேண்டியது இரும்பு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான்.

இதை எழுத உட்காரும் முன்னால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. எழுந்து போய் பீரோவிலிருந்து உன் ஸ்கூல் போட்டோக்கள் இருக்கும் ஆல்பத்தை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு படமாகத் தூக்கிப் பிடித்து உன் இடது கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா